சனிக்கிழமைகளில் நடுங்கிய கார்

எங்கள் கார் செவ்வாய்க்கிழமைகளில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். சனிக்கிழமைகளில் நடுங்கும். இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் போனது. என் வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தக் கிழமை வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்ற வண்டியின் வழக்கம்தான் பிடிபடவில்லை.

அந்த இரண்டு கிழமைகளும் எங்களுக்கு முக்கியமானவை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அவர் மெஷினில் படுக்க வேண்டும். நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். ஏழு என்றால் ஏழுதான். பிந்திப்போனால் அந்தக் கட்டிலில் அடுத்தவரைப் படுக்கவைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியே வாங்குப் பலகையில் எப்போதும் யாராவது ஒருவர் இடம் கிடைக்குமா என்று காத்திருப்பார். ஒரு முறை தவறினால், உடம்பில் சேர்ந்த நீரோடு அடுத்த முறை வரைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம் பலாங்கொடைக்கு மேலே இருக்கிறது. முதல் பஸ் ஆறு மணிக்குத்தான் மேலிருந்து இறங்கும். அதில் போனால் பாதி வழியில் இருக்கும் பெல்மதுளையைத் தாண்டும்போதே ஏழு மணி ஆகிவிடும். அதனால்தான் இந்தக் காரை வாங்கினோம். ஓய்வுபெற்றுப் போன பெரிய கிளாக்கரின் பழைய ஜப்பான் கார். வாங்கும்போது பிளக் நாலும் புதிது என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அது உண்மையாகவே இருந்ததுதான் பிற்பாடு எங்களைச் சுற்றவிட்டது.

ஓட்டுவது நான். நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் எடுத்தேன். என் கணவர் தோட்டத்து ஃபெக்டரி லொறியை இருபத்து நாலு வருஷம் ஓட்டியவர். தேயிலைப் பெட்டிகளோடு கொழும்புக்கும் திரும்பவும். அந்த மனிதரைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கல்யாணமான பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரேக்கை நான் மிதிப்பதற்கு முன்னால் அவருடைய கால் மிதிக்கும். சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட் பண்ணவும் விடமாட்டார். பாதி திருப்பி, பத்து எண்ணி, பிறகுதான் முழுவதும் திருப்ப வேண்டும். ஏன் என்று கேட்டால், "எஞ்சின் சூடாகணும். எண்ணு" என்பார். நான் மனதுக்குள் எண்ணினால் நம்பமாட்டார். வாய்விட்டு எண்ண வேண்டும். விடியற்காலை நாலே முக்காலுக்கு, லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் எழும்புகிற நேரத்தில், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

வியாதி வந்த பிறகு அவருக்கு வேலை என்று எதுவும் இல்லை. ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள், அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. விறகு பிளக்க முடியாது. கோயில் கமிட்டியிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். ஒரு நாளைக்குக் குடிக்கக் கொடுத்திருந்த அளவு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர். காலையில் அதை நிரப்பி ஜன்னலில் வைத்துவிட்டு, அது குறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மிஞ்சியிருந்தது கார்தான். ஓட்டத்தான் முடியாதே தவிர, அதைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். டயருக்குக் காற்று, கண்ணாடிக்குத் துணி, வெள்ளிக்கிழமை பூசை. லொறி டிரைவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு கற்பூரம் கொளுத்துவார்கள். ஃபெக்டரியில் அது எழுதாத சட்டம். நான் வெள்ளிக்கிழமைகளில் ஸ்கொலசிப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது பூசை முடிந்து, தகரக் கொட்டகைக்குள் சந்தன வாசம் மட்டும் இருக்கும். அவர் முகம் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதனால் நான் அதில் தலையிடவே இல்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் அந்த நடுக்கம் வந்தது. பத்து எண்ணி, சாவியைத் திருப்பினால், எஞ்சின் உடனே பிடிக்காது. இருமும். பிறகு பிடிக்கும், ஆனால் முழு வண்டியும் குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி உதறும். கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் தலைகால் தெரியாமல் ஆடுவார். சைலன்சர் பட் பட் என்று வெடிக்கும். தோட்டத்து ரோட்டில் இரண்டு மூன்று வளைவு இறங்கும்வரை அப்படித்தான். டவுனுக்கு வரும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். லயத்தில் த்ரீவீலர் வைத்திருப்பவர் பெட்ரோலில் கலப்படம் என்றார். ஃபெக்டரியில் இருந்த என் கணவரின் பழைய கூட்டாளி பட்டரி என்றார். பனி என்றார்கள், மலை ஏற்றம் என்றார்கள். என் கணவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுதான் காரணம். ஸ்டார்ட் ஆகாத பதற்றத்தில் நான் மிதித்து மிதித்து எஞ்சினுக்குள் பெட்ரோலை நிரப்புகிறேன், அது மூச்சுத் திணறுகிறது. இருபத்து நாலு வருஷ அனுபவம் சொல்லும்போது நான் என்ன பேசுவது? மிதிக்காமல் பார்த்தேன், அப்போதும் நடுங்கியது. மிதிக்கவில்லை என்றேன். மிதித்தேன் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பலாங்கொடைக்குக் கிட்ட, மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு சிங்கள மெக்கானிக் பாஸின் கராஜுக்கு இரண்டு முறை கொண்டுபோனேன். என் கணவர் வரவில்லை. தன் வண்டியில் வேறொரு ஆள் கை வைப்பதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு நான் போவது திங்கட்கிழமையோ புதன்கிழமையோதான். பாஸ் சாவியைத் திருப்புவார், எஞ்சின் பூ மாதிரி பிடிக்கும். என்னைப் பார்ப்பார். நான் வேலை மெனக்கெட்டுப் பொய் சொல்ல வந்தவள் மாதிரி நிற்பேன். ஒரு முறை ஃபில்டரை மாற்றினார், ஒரு முறை பெட்ரோல் போகிற குழாய்களைச் சுத்தம் செய்தார். பிளக் எல்லாம் புதிது என்று நான்தான் அடித்துச் சொன்னேன், அதனால் அதை அவர் கழற்றவில்லை. "வருத்தம் வாற நேரம் கொண்டு வாங்க, மிஸ்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். வண்டிக்கு வருத்தம், அதாவது வியாதி, வருகிற நேரம் நான் இரத்தினபுரிக்கு ஓடிக்கொண்டிருப்பேனே என்று அவருக்குச் சிங்களத்தில் விளக்கினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். வரவு எடுக்கிற மாதிரி, கலண்டர் பின்பக்கத்தில் கோடு போட்டேன். போகிற தேவை இல்லாவிட்டாலும் தினமும் காலையில் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்து, நடுங்கினால் ஒரு புள்ளி வைத்தேன். மூன்று வாரம். புள்ளிகள் எல்லாம் சனிக்கிழமைக் கட்டத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்தன. ஞாயிற்றுக்கிழமையில் அரைப் புள்ளி. மற்ற நாட்கள் வெறுமை.

என் கணவரிடம் காட்டினேன். அதைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார். "சனி பிடிச்ச வண்டின்னு சொல்றது இதுக்குத்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் கோயிலில் வண்டியை நிறுத்தி ஒரு எள் விளக்கு ஏற்றினேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை.

முதல் நாள் முழுக்க மழை. பத்து எண்ணினேன், திருப்பினேன், இருமியது, நின்றது. மறுபடியும் பத்து. ஏழெட்டுத் தடவையில் பட்டரியும் களைத்துவிட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லயத்து ஆட்கள் ஐந்தாறு பேர் வந்து தள்ளினார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வண்டியையும் முகம் பள்ளத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவோம், தள்ளி ஸ்டார்ட் செய்வதற்கு வசதியாக. பள்ளத்தில் உருண்டு, இரண்டு தடவை வெடித்து, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே இருக்கும் வளைவில் போய் வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோடு மட்டம். என் கணவர் பின்னால் நடந்து வந்தார். அந்தச் சின்ன இறக்கத்துக்கே அவருக்கு இளைத்தது.

ஜன்னல் பக்கம் குனிந்து, தள்ளிய எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எத்தன தடவ சொல்லியிருக்கேன், டீச்சர்? மிதிச்சு மிதிச்சு எஞ்சினையே மூழ்கடிச்சுட்ட. லொறிக்காரன் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிறாத."

ஒரு பெண் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். பதில் பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது, அழுதால் அதையும் அவர் ஆக்ஸிலேட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

த்ரீவீலர்காரரை எழுப்பிப் புறப்பட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எட்டரை. கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார், அவருடைய இரத்தம் குழாயில் போய்க்கொண்டிருந்தது. பொறுப்பாக இருந்த நர்ஸ் நல்ல மாதிரிதான் பேசினார். நடுவில் யாராவது வராவிட்டால் போன் பண்ணுகிறோம், மூச்சு முட்டினால் காத்திருக்காமல் வார்டுக்கு வந்துவிடுங்கள், அதுவரை தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள் என்றார். வந்த வழியே திரும்பினோம். அன்றிரவு மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஸுக்கு போன் பண்ணினேன். கராஜ் பூட்டுகிற நாள். வண்டி வளைவிலேயே நிற்கிறது, வருத்தத்தோடே நிற்கிறது என்று சொன்னேன். ஒன்பது மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துவிட்டார். வீட்டில் என் கணவர் கண் அசந்திருந்தார். நான் மட்டும் குடையோடு இறங்கிப் போனேன்.

ஒரு நாள் ஓய்வில் பட்டரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது, பாஸ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமுவதைக் கேட்டு முகம் மலர்ந்தது. நோயாளியைக் கடைசியில் நேரிலே பார்த்துவிட்ட டாக்டர் மாதிரி இருந்தார். பொனட்டைத் திறந்து, எஞ்சின் தலையில் வரிசையாக நாலு குழிக்குள் இறங்கும் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். முதலாவது காய்ந்திருந்தது. இரண்டாவதை இழுத்தபோது சளக் என்று சத்தம் வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தோம். குழிக்குள் பிளக் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மூன்றாவதிலும் அப்படித்தான். வயரின் கீழ்முனையில் குழியை மூடுகிற ரப்பர் மூடி எஞ்சின் சூட்டிலும் வயதிலும் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீரில் நிற்கிற பிளக்கால் நெருப்புப் பொறி போட முடியாது. நாலு பேர் தூக்க வேண்டிய பாரத்தை இரண்டு பேர் தூக்கினால் கை நடுங்கும் இல்லையா, அதுதான் அந்த நடுக்கம். ஓட ஓட எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும். திங்கட்கிழமை பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

மழைத் தண்ணீர் பொனட்டுக்குள் அவ்வளவு வராதே என்றேன். அவர் குழிக்குள் விரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, மூக்கில் வைத்து மோந்தார். பிறகு அந்த விரலை என்னிடம் நீட்டினார். நுனி மஞ்சளாக இருந்தது.

"மே கஹ நேத, மிஸ்?" என்றார். இது மஞ்சள்தானே என்று கேட்டார்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம், வாளி, குழாய், செம்பில் கரைத்த மஞ்சள் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கிற மனிதர் பொனட்டைத் திறந்து எஞ்சினுக்கு வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார். அவருடைய லொறிக்கு ஊற்றினால் ஒன்றும் ஆகாது. அது டீசல் எஞ்சின், அதில் பிளக்கும் இல்லை, பிளக் வயரும் இல்லை, பொறியும் இல்லை. மழையிலும் சேற்றிலும் குளித்துக்கொண்டே கொழும்புக்குப் போய் வந்த சாதி. இது பெட்ரோல் கார். இந்த வித்தியாசம் அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மூன்று வாரம் கலண்டரில் கோடு போட்ட எனக்கும் தோன்றவில்லை. பூசையை யாராவது சந்தேகப்படுவார்களா?

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன். நான் மிதிக்கவில்லை, நான் மூழ்கடிக்கவில்லை, மூழ்கடித்தது லொறிக்காரன்தான். அந்த மஞ்சள் விரலை அப்படியே பிடித்துக்கொண்டு போய், நேற்றுத் தள்ளிய அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, காட்ட வேண்டும் போலிருந்தது. பாஸை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக மேலே ஏறி வந்தேன், சொல்வதற்கென்றே.

அவர் விழித்திருந்தார். ஜன்னலில் இருந்த போத்தலை எடுத்து மூடியில் ஊற்றி, அந்த மூடி அளவைக் குடித்துவிட்டு, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "என்னவாம்?" என்றார்.

"ஏதோ வயராம்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. உங்களால்தான் நேற்று உங்கள் கட்டில் போனது என்று, அப்படி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒரு வெள்ளிக்கிழமையையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டால் ஏழு நாளும் அவர் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாஸ் குழிகளைத் துணியால் ஒற்றி, விஞ்ஞானப் பாடத்துக்கு நான் வாங்கி வைத்திருந்த சைக்கிள் பம்பால் காற்றடித்துக் காயவைத்தார். கார் பிடித்தது. புது வயர் செட் வரவழைத்துத் தருவதாகவும், அது வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றும் சொன்னார். அய்யாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ஒரு கட்டில் காலியாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு ஓடினேன். மெஷினிலிருந்து எழும்பும்போது அவருடைய முகம் பழைய முகமாகியிருந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தால் என்ன செய்வது என்று வாரம் முழுக்க யோசித்தேன். கடைசியில், பாஸ் எஞ்சினில் ஏதோ பசை போட்டிருக்கிறார், இரண்டு வாரம் தண்ணீர் படக்கூடாதாம் என்று வியாழக்கிழமை சோறு போடும்போது சொன்னேன்.

"என்ன பசை?"

"பசை. மெக்கானிக் பசை."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பொய் சொல்கிற பிள்ளைகளைப் பிடிப்பதே என் தொழில், இருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேர வகுப்பை முடித்துவிட்டு நான் வந்தபோது கொட்டகையில் சந்தன வாசம் இல்லை. பொனட் திறந்திருந்தது. அவர் உள்ளே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். காய்ந்த துணியால் துடைக்கப் போனவர், பசை எங்கே என்று பார்க்க வயரை இழுத்திருக்கிறார். குழியைச் சுற்றி மஞ்சள் கறை வளையம் வளையமாகப் படிந்திருந்ததாம், வாரத்துக்கு ஒன்றாக. இது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் என்னை முதலில் கேட்டது ஒரே ஒரு சொல்.

"தண்ணியா?"

"ஆமாங்க."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்து."

அவர் தலையை ஆட்டினார். திட்டினால் தாங்கியிருப்பேன், பசை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டால்கூடப் பதில் வைத்திருந்தேன். வீட்டு விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர் எழும்பிப் போய்ப் பொனட்டை மூடிவிட்டு வந்து படுத்துவிட்டார். அந்த இரவு அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் தூங்கவில்லை.

மறுநாள் காலை கார் ஒரே திருப்பில் பிடித்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நடுங்காத சனிக்கிழமை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் எண்ணு என்று சொல்லவில்லை, பிரேக் என்று சொல்லவில்லை, கியர் என்று சொல்லவில்லை. தோட்டத்து ரோடு முழுக்க, பலாங்கொடை முழுக்க, பெல்மதுளை முழுக்க ஒரு சொல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய கால்கூடச் சும்மா இருந்தது. அவருடைய நச்சரிப்பு எனக்கு வேண்டியிருக்கும் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சத்தமில்லாத காரை ஓட்டுவது எனக்குப் பயமாக இருந்தது.

ஏழுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். நாலு மணி நேரம் கழித்து வெளியே வந்து, வழக்கமாகப் பின் சீட்டில் சாய்ந்து படுக்கிறவர், முன் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தார். பலாங்கொடைக்கு இந்தப் பக்கம் வரும்போது முதல் முறையாகப் பேசினார்.

"அந்த கராஜ் எங்க இருக்கு? நிப்பாட்டு."

நான் நிறுத்தினேன். சண்டை பிடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். களைத்துப்போன உடம்போடு, ஊசி குத்திய கைக்கு மேல் கட்டுப் போட்டபடி, மெதுவாக இறங்கிப் போனார். பாஸ் தரையிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். புது வயர் செட் காலையில்தான் வந்ததாகச் சொன்னார். பத்து நிமிஷ வேலை என்றார். பழைய வயரைக் கழற்றி வெடித்த ரப்பரைக் காட்டினார். என் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு சிங்களத்தில் சொன்னார், "மம தன்னே டீசல் விதரய், மல்லி. பெட்ரோல் கென தன்னே நே."

எனக்குத் தெரிந்தது டீசல் மட்டும்தான் தம்பி, பெட்ரோலைப் பற்றி எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதையும் என்னிடம் சொல்லவில்லை. வேறொரு ஆளிடம், வேறொரு பாஷையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும்.

பாஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் ஆட்கள் எல்லாருமே முதலில் இப்படித்தான் அண்ணே என்றார். பிளக் ஒன்றைக் கழற்றி, பொறி எங்கே போடும், தண்ணீர் எங்கே நின்றால் போடாது என்று காட்டினார். என் கணவர் கேள்வி கேட்டார். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் சூடாக்க வேண்டுமா என்றும் கேட்டார். டீசலுக்குத்தான் ஹீட்டர், இதற்கு ஒன்றுமே தேவையில்லை என்றார் பாஸ். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மூழ்குமா என்று கேட்டபோது குரல் கொஞ்சம் தணிந்தது. மிஸ் மிதித்ததில் ஒன்றும் இல்லை என்று பாஸ் சொன்னார். என் கணவர் சரி என்றார். தைத்த கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பொனட்டைப் பிடித்தபடி எஞ்சினுக்குள் குனிந்து நின்றார். ஒவ்வொரு வயராக இறங்குவதைப் பார்த்தார். கடைசி ஒன்றை நான் போடவா என்று பாஸிடம் கேட்டு, அவரே அழுத்திப் போட்டார்.

இனி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்றார் பாஸ். நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சாவியைத் தொட்டுவிட்டுப் பழக்கத்தில் அவருடைய உத்தரவுக்குக் காத்திருந்தேன். பொனட் மறைத்துக்கொண்டிருந்ததால் அவர் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது, தமிழில்.

"நீ உன் பாட்டுக்குப் பண்ணு. உனக்குத் தெரியும்."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்து, ஒரு ஆட்டம் இல்லாமல் ஓடியது. பொனட் திறந்தே இருந்ததால் நான் அழுததை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.